குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனி: எந்தப் பதிவைக் கேட்பது?

கேள்வி கேட்டவர் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் தம்பி என்று எழுதியிருக்கிறார். போலந்து இசையமைப்பாளர் ஹென்றிக் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனியை ஒரு ராத்திரி தற்செயலாகக் கேட்டாராம். நான்கு நாளாகத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். மறுபடி தேடினால் பத்துப் பதினைந்து பதிவுகள் வந்து நிற்கின்றன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. "இதில் சரியான பதிவு எது? மொழி தெரியாமல் கேட்பதில் அர்த்தம் உண்டா? அவருடைய மற்ற இசையும் இப்படி அழுகையாகத்தான் இருக்குமா?" என்று கேட்கிறார்.

மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். காகிதத்தில் எழுதியிருக்கும் சுரங்கள் எல்லாப் பதிவுக்கும் பொது. அப்படியிருந்தும் ஒரு பெண் பாடினால் நெஞ்சை அடைக்கிறது, இன்னொரு பெண் பாடினால் "அழகாக இருக்கிறது" என்பதோடு போய்விடுகிறது. துக்கத்தை எப்படிப் பாடினால் அது கேட்கிறவனிடம் வந்து சேரும்? தம்பி, நீங்கள் கேட்பது அதைத்தான். எனக்கும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதுதான் கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் என் தகுதியையும் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவை இருபத்தேழு வருஷமாக நடத்துகிறேன். டிரினிட்டி தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறேன். நோட்டேஷன் வாசிக்கத் தெரியும், குரல்களைப் பிரித்துக் கேட்கத் தெரியும். போலிஷ் மொழி தெரியாது. மொழிபெயர்ப்புகளை வைத்துத்தான் சொற்களைப் படித்தேன். இந்தச் சிம்பொனியை ஓர் அரங்கத்தில் உட்கார்ந்து நேரில் கேட்கும் வாய்ப்பும் இதுவரை கிடைக்கவில்லை. நான் சொல்வதெல்லாம் கேசட், சிடி, ஹெட்போன் வழியாக வந்த அறிவு. 1990களின் பிற்பகுதியில் ரோமில் படித்துவிட்டு வந்த ஒரு ஃபாதர் எனக்கு ஒரு சிடியைக் கொடுத்து, "இதைக் கேட்டுவிட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்றார். அங்கே தொடங்கியது.

பெயரை எல்லாரும் "கோரெக்கி" என்று சொல்கிறார்கள். போலிஷில் அந்த ஓ எழுத்தின் மேல் ஒரு கோடு உண்டு, அதை "உ" என்று சொல்ல வேண்டும், அதனால் குரெட்ஸ்கி. 1933 டிசம்பர் 6இல் தெற்குப் போலந்தின் சைலீசியாவில் செர்னித்சா என்ற கிராமத்தில் பிறந்தார். சுரங்கங்களும் ஆலைகளும் நிறைந்த பகுதி அது. அவருடைய இரண்டாவது பிறந்தநாளன்று தாய் இறந்துபோனார். அந்தத் தாய் பியானோ வாசிப்பவர். அப்பா மறுமணம் செய்துகொண்ட பிறகு, அம்மா விட்டுப்போன பியானோவைத் தொடக் கூடாது என்று வீட்டில் தடை. சின்ன வயதில் விழுந்து இடுப்பு மூட்டு விலகி, சரியான வைத்தியம் கிடைக்காமல் எலும்புக்காசமாகி, வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாழ்க்கை முழுக்க உடம்பு அவரைப் பாடாய்ப் படுத்தியது. கடோவித்சே நகரின் இசைக்கல்லூரியில் படித்து, 1975இல் அதற்கே தலைவரானார். போப் இரண்டாம் ஜான் பால் 1979இல் போலந்துக்கு வந்தபோது கடோவித்சேக்கு வர அரசாங்கம் விடவில்லை; அதை எதிர்த்துப் பதவியை விட்டார். 2010 நவம்பர் 12இல் அதே கடோவித்சேயில் காலமானார். கல்லறைத் திருநாள் முடிந்து பத்தாவது நாள் அது. அந்தத் தேதியில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பதிவை முழுசாகக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

தாயைப் பறிகொடுத்த கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1976இல் எழுதிய இந்த மூன்றாவது சிம்பொனிக்கு "சோகப் பாடல்களின் சிம்பொனி" என்று பெயர். மூன்று பாகம், மூன்றும் மெதுவான நடை, மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றிலும் தாயும் பிள்ளையும்தான். முதல் பாகத்தில் பதினைந்தாம் நூற்றாண்டுப் போலிஷ் புலம்பல் ஒன்று: சிலுவையில் தொங்கும் மகனிடம் மரியாள், உன் காயங்களை அம்மாவோடு பங்குபோடு மகனே, போகப்போகிறாயே, ஒரு வார்த்தை பேசு என்கிறாள். இரண்டாம் பாகத்தின் வரிகள் ஒரு சிறைச்சுவரில் இருந்தவை. ஜகோபனே என்ற மலையூரில் ஜெர்மன் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் சிறையில் 1944இல் அடைக்கப்பட்ட பதினெட்டு வயதுப் பெண் சுவரில் கீறி வைத்தது: அம்மா, அழாதே. மூன்றாவது, சைலீசிய நாட்டுப்பாடல். எழுச்சியில் சண்டைக்குப் போன மகனின் உடல் கிடைக்காமல் ஒரு தாய் தேடுகிறாள்.

இங்கேதான் பாடகியின் சிக்கல் தொடங்குகிறது. ஒரே சோப்ரானோ, அதாவது ஒரே உச்சக்குரல் பாடகி, மூன்று பெண்களாகப் பாட வேண்டும். சாகும் மகன் முன்னால் நிற்கும் மாதா, பதினெட்டு வயதுப் பெண், அழுதழுது கண் மங்கிய கிழவி. முதலிலும் மூன்றிலும் தாய் பிள்ளைக்காகப் புலம்புகிறாள். நடுவில் பிள்ளை தாய்க்கு ஆறுதல் சொல்கிறது. மூன்று வயதும் ஒரு தொண்டையில் உட்காருவது லேசில் நடக்காது. நான் கேட்ட எந்தப் பதிவிலும் மூன்றும் ஒரே அளவுக்கு உட்காரவில்லை. அதனால் "சரியான பதிவு எது" என்பதற்கு என் பதில் பாகத்துக்குப் பாகம் மாறும்.

பாடகி வருவதற்கு முன்னால் பதின்மூன்று நிமிஷம்போல வாத்தியங்கள் மட்டும். பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து தள்ளிவிடுகிறார்கள். என் குழுப் பிள்ளைகளுக்கு நான் விளக்குவது இப்படி: ஒருவன் ஒரு மெட்டை முழுக்கப் பாடி முடிக்கிறான், அவன் அதையே மறுபடி தொடங்க, இரண்டாவது ஆள் அதே மெட்டை ஐந்து சுரம் மேலே சேர்த்துப் பாடுகிறான், அப்புறம் மூன்றாமவன், நான்காமவன். மேற்கத்திய இசையில் இதற்குக் கேனன் என்று பெயர். இங்கே மெட்டின் நீளம் 24 பார், அதாவது 24 தாள வட்டம். வயலின் குடும்பத்திலேயே பெரிய, தாழ்ந்த குரலுள்ள டபுள் பாஸ்களின் அடிமட்டத்தில், காதை வைத்தால்தான் கேட்கும் சத்தத்தில் தொடங்குகிறது. அப்புறம் செல்லோ, வியோலா, வயலின் என்று ஏறி ஏறி எட்டுக் குரலாகப் பெருகிவிட்டு, ஆடிமாசக் கடல் உள்வாங்குவதுபோல் ஒரே சுரத்துக்குச் சுருங்குகிறது. அந்த ஒற்றைச் சுரத்தின் மேல்தான் மாதா வாய் திறக்கிறாள். அவள் பாடி முடிந்ததும் கேனன் மறுபடி பொங்கி, வந்த வழியே கீழே இறங்கி, டபுள் பாஸில் போய் அடங்குகிறது. இதைப் போன் ஸ்பீக்கரில் கேட்டால் முதல் இரண்டு நிமிஷம் ஒன்றுமே கேட்காது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த சுரத்தை எழுப்ப முடியாது. ஹெட்போன் கட்டாயம் வேண்டும். என் வீட்டில் கடல் பக்கத்து ஜன்னலை அடைத்தால்தான் தொடக்கம் காதில் விழும்.

சரி, பதிவுகளுக்கு வருவோம். நீங்கள் தற்செயலாகக் கேட்டது அநேகமாக டான் அப்ஷா பாடி, டேவிட் ஜின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா வாசித்ததாக இருக்கும். நான்சச் கம்பெனி 1992இல் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இங்கிலாந்தில் பாப் பாட்டுகளோடு போட்டி போட்டு ஆல்பம் பட்டியலில் ஆறாவது இடம் வரை போனது. உயிரோடு இருக்கும் ஒரு சிம்பொனி இசையமைப்பாளருக்கு இப்படி நடப்பது அபூர்வம். ஃபாதர் கொடுத்த சிடியும் இதுதான். வாத்தியங்கள் சுத்தமாக, தலைவாரி வகிடெடுத்ததுபோல் தனித்தனியாகக் கேட்கும். கேனனில் எந்தக் குரல் எங்கே நுழைகிறது என்று படிக்க இதைவிட நல்ல பதிவு இல்லை. அப்ஷாவின் குரல் இளசு, வெளிச்சமானது. இரண்டாம் பாகத்துக்கு அந்தக் குரல்தான் பொருத்தம். "அம்மா" என்று முதலில் கூப்பிடும் இடத்தில் அது சிறையில் இருக்கும் சின்னப் பெண்ணின் குரலாகவே இருக்கிறது. அவள் பயப்படவில்லை, யாரையும் சபிக்கவில்லை. வீட்டில் இருக்கும் அம்மாவை நினைத்து மட்டும் கலங்குகிறாள். அந்தச் சிறையில் மற்றவர்களின் எழுத்துகள் நியாயம் கேட்டன, பழிவாங்கக் கேட்டன, இவள் மட்டும் அம்மாவிடம் அழாதே என்று எழுதியிருந்தாள். அதுதான் தன்னைப் பிடித்து நிறுத்தியது என்று குரெட்ஸ்கி சொல்லியிருக்கிறார். ஆனால் அதே இளசான குரல் மூன்றாம் பாகத்தில் கிழவியாக மாறவில்லை. மகளே வந்து அம்மாவின் பாட்டைப் பாடுவதுபோல் இருக்கிறது. குறை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் எனக்கு அங்கே ஒரு படி குறைகிறது.

முதல் பாகத்துக்கு நான் போவது ஸ்டெபானியா வொய்டோவிச்சிடம். 1977 ஏப்ரலில் பிரான்சின் ருவாயான் நகரில் இந்தச் சிம்பொனி அரங்கேறியபோது பாடியவர் அவரே. எர்னஸ்ட் பூர் நடத்தினார். வொய்டோவிச் பிறகு மூன்று தடவை இதைப் பதிவும் செய்தார். நான் சொல்வது முதலில் வந்தது, யெஸி காட்லெவிச் நடத்திய 1978ஆம் ஆண்டுப் போலந்து ரேடியோ இசைக்குழுப் பதிவு. ஒலிப்பதிவு பழசு, தட்டையாக இருக்கும். குரலிலும் கொஞ்சம் நடுக்கம் உண்டு. ஆனால் மரியாளின் வரிகளை அவர் பாடும் விதத்தில் ஒரு நிமிர்வு இருக்கிறது. கெஞ்சவில்லை, மகனிடம் தாய்க்கு உரிமையாகக் கேட்கிறாள்.

அந்த நிமிர்வு ஏன் எனக்குப் பெரிசாகப் படுகிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரைக் கோயில்களில் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் உண்டு. இயேசுவின் பாடுகளை ராகம் போட்டு வாசிப்பார்கள். நடுநடுவே மாதாவின் புலம்பல் வரும். சின்ன வயதில் பெரிய வெள்ளி ராத்திரி தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அதை வாசித்தவர்களில் இரண்டு வகை. ஒருத்தர் வாசிக்கும்போதே தானும் தேம்புவார், ராகத்தை உடைப்பார், மூச்சை இழுப்பார். சனம் அவரைப் பார்த்துப் பாவப்படும், அவ்வளவுதான். இன்னொருவர் வயசானவர், வலை பின்னுகிறவர். ராகத்தை அப்படியே நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு இடத்திலும் குரலை ஆட்டாமல், கடைசி வரிவரை கொண்டுபோவார். அவர் வாசிக்கும்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கிளம்பும். அழுகையைக் கேட்கிறவர்களுக்கு விட்டுவிட்டு மெட்டை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். குரெட்ஸ்கியின் நோட்டேஷனும் அதைத்தான் கேட்கிறது. சுரங்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களாக நகரும். தாவல் குறைவு, அலங்காரம் கிடையாது. இதை நாடகமாகப் பாட முயன்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பதிவு மட்டும் சொல் என்றால், அந்தோனி வித் நடத்தி, சோபியா கிலனோவிச் பாடி, 1994இல் நக்சாஸ் வெளியிட்டதைச் சொல்வேன். வாசித்தது கடோவித்சேயில் இருக்கும் போலந்து தேசிய ரேடியோ இசைக்குழு, அதாவது குரெட்ஸ்கியின் சொந்த ஊர்க் குழு. டபுள் பாஸ்களில் கனம் அதிகம்; தரையிலிருந்து எழும்புவதுபோல் இருக்கும். கிலனோவிச்சுக்கு அது தாய்மொழி; சொற்கள் பாடலாக இல்லாமல் பேச்சாகவே வாயிலிருந்து வருகின்றன என்று மொழி தெரியாத எனக்கே படுகிறது. மூன்றாம் பாகத்தில் அவரை இன்னும் யாரும் தாண்டவில்லை. இந்தப் பாகத்தில் வாத்தியங்கள் இரண்டே கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு சுரக்கூட்டுகளை, மாறிமாறி வாசிக்கின்றன. தொட்டிலுக்கும் பொருந்தும் ஆட்டம், படகுக்கும் பொருந்தும். அதன் மேலே அந்தத் தாய் கேட்டுக்கொண்டே போகிறாள்: என் பிள்ளை எங்கே போனான், எதிரி கொன்றுவிட்டானா, கண் போகுமட்டும் அழுதாலும், என் கண்ணீர் இன்னொரு ஓடர் ஆறாக ஓடினாலும் அவன் திரும்ப மாட்டானே, எந்தப் பள்ளத்தில் கிடக்கிறானோ, வீட்டில் சூடான படுக்கையில் படுத்திருக்கலாமே.

இந்தப் பதிவை 2018 தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒக்கி புயல் அடித்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஆழ்கடலில் தங்கலுக்குப் போயிருந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை, பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெரியம்மையின் இளைய மகனும் தூத்தூர் பக்கத்து விசைப்படகில் போனவன்தான். பெரியம்மை முற்றத்தில் நின்று கேட்டுவிட்டு, "இது என்ன பாட்டு மக்களே, செபமா?" என்றார். ஒரு தாய் பாடுவது பெரியம்மை, மகனைத் தேடுகிறாள் என்றேன். படியில் உட்கார்ந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்க, எனக்குத் தெரிந்த அளவில் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சூடான படுக்கை என்ற வரி வந்தபோது, "எனக்க பிள்ளைக்க பாயை நான் இன்னும் சுருட்டல்ல" என்றார். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. பாட்டில் கடைசியாக அந்தத் தாய், நான் கண்டுபிடிக்காத பிள்ளைக்குப் பறவைகளே நீங்கள் பாடுங்கள், பூக்களே நீங்கள் சுற்றிப் பூத்துக் கிடங்கள், அவன் நன்றாகத் தூங்கட்டும் என்கிறாள். இசை சோகச் சாயலுள்ள மைனரிலிருந்து வெளிச்சமான மேஜருக்குத் திரும்புகிறது. கோயிலில் செபமாலைக்கு மணி அடித்தது. பெரியம்மை எழுந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

மொழி தெரியாமல் கேட்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு தடவையாவது பொருளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மூன்று பாட்டும் சேர்ந்தால் அரைப்பக்கம்கூட வராது. படிக்காமல் கேட்டால் அழகான தூக்கப்பாட்டாக மட்டும் நின்றுவிடும் ஆபத்து உண்டு.

இன்னொரு பதிவையும் விட முடியாது. 2014 நவம்பரில் வார்சாவில் பெத் கிப்பன்ஸ் பாடியது, 2019இல் வெளிவந்தது. கிப்பன்ஸ் போர்ட்டிஸ்ஹெட் என்ற ஆங்கில பாப் குழுவின் பாடகி. கிளாசிக்கல் பயிற்சி கிடையாது, குரல் சோப்ரானோவைவிடத் தாழ்ந்தது, போலிஷ் தெரியாமல் இதற்காகவே ஒலி ஒலியாகப் படித்துப் பாடினார். நடத்தியவர் பெண்டெரெட்ஸ்கி. குரெட்ஸ்கி பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால், 1933 நவம்பரில் பிறந்த பெரிய இசையமைப்பாளர் அவர், 2020இல் காலமானார். என் மாணவர்களில் பாதிப்பேருக்கு இந்தப் பதிவு பிடிக்காது, சுருதி ஓரத்தில் தேய்கிறது என்பார்கள். தேய்வது உண்மை. முதல் பாகத்தில் மேல் சுரங்களுக்கு அவர் படும் பாடு தெரிகிறது. ஆனால் மூன்றாம் பாகத்தில், கண்பார்வை போன கிழவிக்கு அந்த உடைந்த குரல் எப்படியோ பொருந்திவிடுகிறது. அழகாகப் பாடும் தெம்பு இல்லாத ஒருத்தி பாடுகிறாள். வருஷத்துக்கு ஒரு முறை கேட்பேன், அதற்குமேல் தாங்காது.

இந்தச் சிம்பொனியைப் பற்றி ஊரில் சுற்றும் சில பேச்சுகளையும் பிரித்துவிடுகிறேன். இது யூதப் படுகொலையைப் பற்றிய சிம்பொனி என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இரண்டாம் பாகத்தின் சிறை வதைமுகாம் அல்ல, ஒரு மலையூரில் இருந்த கெஸ்டபோ சிறை. அந்தப் பெண்ணும் கத்தோலிக்கப் பெண். மற்ற இரண்டு பாட்டுக்கும் இரண்டாம் உலகப்போரோடு சம்பந்தமே இல்லை. குரெட்ஸ்கி இதைத் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள பிணைப்பாகத்தான் பார்த்தார். அந்தத் துயரத்தை நினைத்துக்கொண்டு ஒருவர் இதைக் கேட்டால் தவறில்லை. ஆனால் அதற்காக எழுதப்பட்டது என்று சொல்வது சரியில்லை. அடுத்தது, மூன்றாம் பாகத்தின் இரண்டு கார்டுகள் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் மசுர்கா என்ற பியானோ நடன இசை ஒன்றின் தொடக்கத்திலிருந்து, ஒபஸ் 17 எண் 4 என்பதிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். வாசித்துப் பார்த்தேன், என் காதுக்கும் அப்படித்தான் படுகிறது. ருவாயான் அரங்கேற்றத்தில் கடைசி மேஜர் கார்டு திரும்பத் திரும்ப வந்தபோது பக்கத்தில் இருந்த பெரிய பிரெஞ்சு இசைக்காரர் ஒருவர் வாய்விட்டுத் திட்டினார் என்று குரெட்ஸ்கியே சொல்லியிருக்கிறார். அந்த ஆள் யார் என்று இணையத்தில் உறுதியாகப் பெயர் போடுகிறார்கள். அது ஊகம், அதனால் நான் போடவில்லை. ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 1960இல் "ஸ்கொன்ட்ரி" என்ற படைப்பில் வாத்தியங்களை மோதவிட்டு வார்சாவையே அதிரவைத்தவர் இவர். அப்படிப்பட்ட குரெட்ஸ்கி இப்படி ஒரே கார்டில் உட்கார்ந்தால் புதுமைக்காரர்களுக்குத் துரோகமாகத்தான் தெரிந்திருக்கும்.

மற்ற இசையும் அழுகைதானா என்றீர்கள். ஒன்பது நிமிஷம் ஒதுக்கி அவருடைய ஹார்ப்சிகார்டு கான்செர்ட்டோவைக் கேளுங்கள். பியானோவுக்கு மூத்த ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியம் முன்னால் நிற்க, இசைக்குழு கூடச் சேர்ந்து வாசிக்கும். 1980இல் எல்ஸ்பியேத்தா கோய்னாட்ஸ்கா என்ற கலைஞருக்காக எழுதியது. அவரே வாசித்த நான்சச் பதிவு இருக்கிறது. இரண்டாம் பகுதி திருவிழாத் தேருக்கு முன்னால் ஓடும் பிள்ளைகள் மாதிரி துள்ளும். குரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு வாசித்த, நான்கு தந்தி வாத்தியங்களுக்கு அவர் எழுதிய மூன்று படைப்புகளில் நாட்டுப்புற ஆட்டம் இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது, திடீர் மௌனம் இருக்கிறது. அதில் மூன்றாவதை 1995இல் எழுதி முடித்துவிட்டு, பத்து வருஷம் யாரிடமும் கொடுக்காமல் மேசைக்குள் வைத்திருந்தார், 2005இல்தான் அரங்கேறியது. உலகம் முழுக்கப் பெயர் பரவியிருந்த நேரத்தில் அப்படி வைத்திருக்க ஒரு மனசு வேண்டும்.

கோரல் இசை பாடுகிறவன் என்ற முறையில் எனக்கு நெருக்கமானவை இரண்டு. ஒன்று "மிசெரேரே". 1981 மார்ச்சில் பிட்கோஷ்ச் நகரில் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்துக்காரர்களைப் போலீஸ் அடித்தபோது எழுதியது. ஆறு வருஷம் கழித்துத்தான் பாட முடிந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும் பாட்டில் லத்தீன் சொற்கள் ஐந்தே ஐந்து. "எங்கள் தேவனாகிய ஆண்டவரே" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்பதைக் கடைசிக்குத்தான் வைத்திருக்கிறார். ஜான் நெல்சன் சிகாகோ பாடகர்களை வைத்து நடத்திய பதிவு உண்டு. கீழ்க்குரல் ஆண்கள் மட்டும் தொடங்குவார்கள்; குரல் குரலாகக் கூட்டம் சேரும்.

இன்னொன்று "தோத்துஸ் தூஸ்", 1987இல் போப் இரண்டாம் ஜான் பாலின் மூன்றாவது போலந்துப் பயணத்துக்காக எழுதியது. அந்தப் போப்பை நானும் பார்த்திருக்கிறேன். 1986 பிப்ரவரியில் திருவனந்தபுரம் சங்குமுகத்துக்கு வந்தபோது எங்கள் பங்கிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். அப்பாவின் தோளில் ஏறி நின்று, வெள்ளையாக ஒரு புள்ளியைப் பார்த்தேன். கிராகோவில் கர்தினாலாக இருந்தபோது இதே மனிதர் குரெட்ஸ்கியிடம் "பேயாதுஸ் வீர்" என்ற படைப்பைக் கேட்டு வாங்கினார் என்று பின்னால்தான் தெரிந்தது. குரெட்ஸ்கி இறந்த மறுவருஷம், மாதா திருநாளுக்கு எங்கள் குழுவை வைத்து "தோத்துஸ் தூஸ்" படித்தோம். வாத்தியம் கிடையாது, நாலு குரல் மட்டும். "மரியா" என்று முழுச் சத்தத்தில் கூப்பிட்டுத் தொடங்கும். அது எங்கள் பையன்களுக்குச் சாதாரணம். கடல்காற்றுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டைகள். கடைசிப் பக்கத்தில் அதே "மரியா" தேய்ந்து தேய்ந்து மூச்சாகப் போக வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டோம். மெல்லப் பாடு என்றால் குரல் செத்துவிடுகிறது, இல்லையென்றால் ஏறிவிடுகிறது. ஒரு நாள் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து, சுடர் அசையாமல் "மரியா" சொல்லுங்கள் என்றேன். மூன்று வாரம் ஆனது. திருநாள் ராத்திரி கடைசி "மரியா" எங்கே முடிந்தது, கடல் சத்தம் எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. பாடகர் குழுவில் இருக்கிறீர்கள் என்றால் இதைப் பாடிப் பாருங்கள். இந்த மனிதரை உள்ளேயிருந்து அறிய எனக்குத் தெரிந்த வழி அது.

கேட்கும் வரிசை வேண்டுமென்றால்: முதலில் வித், கிலனோவிச் பதிவை நடுவில் நிறுத்தாமல் முழுசாகக் கேளுங்கள். அப்புறம் அப்ஷாவின் இரண்டாம் பாகம் மட்டும். வொய்டோவிச்சின் முதல் பாகத்தைக் கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால் போதும், காது பழகியபின் பழைய ஒலிப்பதிவு தொந்தரவு செய்யாது. கிப்பன்ஸுக்கு அவசரம் இல்லை. மூன்று பாட்டின் பொருளையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். இரண்டாம் பாகத்தின் முடிவில் அந்தப் பெண் "ஸ்ட்ரோவாஷ் மாரியோ" என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேடாதீர்கள். நம் ஊர்க் கோயில்களில் சாயங்காலம் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்குகிறார்களே, அந்தச் செபத்தின் முதல் வார்த்தைகள்தான் அவை.